மின்னஞ்சல் வந்த வழி: தலைப்பகுதித் தடங்களும் அவற்றின் பிரமாணமும்

மின்னஞ்சல் ஒன்றைத் திறந்தவுடன் நம் கண்ணுக்குப் புலப்படுவன அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், பொருள், தேதி என்னும் நான்கு விவரங்களே. இந்நான்கையும் எழுதுவது அனுப்புகிறவருடைய கணினி. அது எதை எழுதிவைத்தாலும் தடுப்பார் இல்லாமலே நெடுங்காலம் அஞ்சல் நடந்துவந்தது. ஆனால் இவற்றுக்குப் பின்னால், சாதாரண வாசகர் ஒருபோதும் திறந்து பாராத தலைப்பகுதியில், அவ்வஞ்சல் எந்தெந்தச் சர்வர்களின் கை மாறி, எந்த நேரத்தில், எந்த எண்ணுடைய கணினியிலிருந்து வந்தது என்னும் வழிக்குறிப்பு வரிவரியாகப் பதிவாகியிருக்கிறது. ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்னும் கட்டளையைத் தேடி அழுத்தினால் அது வெளிப்படும்; பிற நிரல்களும் ஏதோவொரு மூலையில் அதனை ஒளித்தே வைத்திருக்கின்றன. இவ்வழிக்குறிப்பினால் ஆகும் பிரயோஜனம் யாது, அதனை எம்மட்டில் பிரமாணமாகக் கொள்ளலாம், எவ்விடத்தில் அதன் சாட்சியம் நின்றுவிடுகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்னஞ்சல் தோன்றிய காலத்திலேயே இவ்வழிக்குறிப்பும் தோன்றிவிடவில்லை. அர்ப்பாநெட் வலையமைப்பில் அஞ்சல்களுக்குப் பொதுவானதொரு தலைப்பகுதியை வகுக்கும் பொருட்டு 1973 செப்டம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 561 என்னும் ஆவணத்தில் (அதன் ஆசிரியர் நால்வருள் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அபய் பூஷண்) அனுப்பியவருக்கும் தேதிக்கும் பொருளுக்கும் இடம் இருந்ததேயன்றி வழிக்கு இடம் இருக்கவில்லை. அக்காலத்து அஞ்சல், கோப்புகளை அனுப்பும் முறையின் துணைகொண்டு, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குப் பெரும்பாலும் நேராகவே சென்றது. இடையில் நின்று கைமாற்றுவோர் இல்லாதபோது கைமாறியதைக் குறிக்க வேண்டிய அவசியமும் எழவில்லை.

இதற்கு நேர்மாறான நிலைமை, தொலைபேசிக் கம்பியின் வழியே கணினிகள் ஒன்றையொன்று இரவு வேளையில் அழைத்துப் பேசிக்கொண்ட யூ.யூ.சி.பி. என்னும் ஏற்பாட்டில் நிலவியது. அங்கே அஞ்சல் எழுதுகிறவரே, தம் கடிதம் முதலில் எந்தக் கணினிக்குச் சென்று, அங்கிருந்து எதற்கு, அதன்பின் எதற்கு என்று முழு வழியையும், இடையிடையே ஆச்சரியக்குறி இட்டு, முகவரியாகவே எழுதியாக வேண்டும். வழியும் முகவரியும் ஒன்றாயிருந்த விசித்திரமான காலம் அது. அதே கம்பிகளின்மீது இயங்கிய யூஸ்நெட் என்னும் செய்திப் பரிமாற்றத்தில், செய்தி கடந்துசெல்லும் ஒவ்வொரு கணினியும் தன் பெயரை வழிக்குறிப்பின் இடப்புறத்தில் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே செய்தி கைக்கு வந்து சேரும்போது, இடமிருந்து வலமாகப் படித்தால் அது கடந்துவந்த வழி பின்னோக்கி விளங்கும்.

1984 ஏப்ரல் முதல் தேதியன்று அவ்வலையமைப்பில் ஒரு செய்தி வெளியாயிற்று. அப்போது சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த செர்னென்கோவே எழுதியதாகத் தோன்றிய அச்செய்தி, சோவியத் நாடும் யூஸ்நெட்டில் சேர்ந்துவிட்டதென்று அறிவித்தது. அதன் வழிக்குறிப்பின் கடைக்கோடியில் ‘எம்சிவாக்ஸ்’, ‘மாஸ்க்வாக்ஸ்’, ‘கிரெம்வாக்ஸ்’ என்னும் மூன்று கணினிகளின் பெயர்கள் இருந்தன. இவற்றுள் முதலாவது ஆம்ஸ்டர்டாமில் மெய்யாகவே இருந்த கணினி. பின்னிரண்டும் அங்கே பணியாற்றிய பீட் பேர்டெமா என்பவர் வேடிக்கைக்காகப் படைத்தவை. பலர் ஏமாந்தனர், சிலர் கோபங்கொண்டு மறுமொழியும் எழுதினர். நம் ஆராய்ச்சிக்கு வேண்டியது அவ்வேடிக்கையின் அமைப்பு. எம்சிவாக்ஸுக்கு இடப்புறத்தில் இருந்தவை யாவும் பிற கணினிகள் தாமே எழுதிச் சேர்த்தவை; வலப்புறத்தில் இருந்தவை எம்சிவாக்ஸ் என்ற ஒரே கணினியின் வாக்கைத் தவிர வேறு ஆதாரம் அற்றவை. மெய்க்கும் பொய்க்கும் இடையிலிருந்த எல்லை அந்த ஒரு பெயரில் விழுந்திருந்தது. இவ்வெல்லையைக் கண்டுகொள்வதே வழிக்குறிப்பைப் படிக்கும் வித்தையின் சாரம் என்பது என் அபிப்பிராயம். (பிற்காலத்தில் மாஸ்கோ உண்மையாகவே வலையமைப்பில் இணைந்தபோது, அங்கிருந்த பொறியாளர்கள் தம் கணினி ஒன்றுக்குக் கிரெம்வாக்ஸ் என்றே பெயர் சூட்டினார்கள்.)

இன்று நாம் காணும் வழிக்குறிப்பின் விதிகள் 1982 ஆகஸ்டில் ஏற்பட்டவை. ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 அஞ்சலைக் கைமாற்றும் முறையையும், டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822 அஞ்சலின் வடிவத்தையும் நிர்ணயித்தன. அஞ்சலைப் பெறும் ஒவ்வொரு சர்வரும் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் ஒரு வரியை, ஏற்கெனவே உள்ளவற்றுக்கு மேலே எழுதவேண்டும் என்பது விதி. முன்னவர் எழுதிய வரிகளை மாற்றுவதும் அழிப்பதும் கூடாதென்பதைப் பின்வந்த ஆவணங்கள் திட்டமாகவே கூறுகின்றன. பழைய தபால் உறைகளின் பின்புறத்தில், சேர்ந்த ஊர்த் தபாலகம் தன் முத்திரையைத் தேதியோடு குத்துவது போன்றதே இது. குற்றவாளியைப் பிடிப்பதற்காக இவ்விதி ஏற்படவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பல வலையமைப்புகள் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டிருந்த அக்காலத்தில், அஞ்சல் எங்கே தடைப்பட்டது, எங்கே சுழன்றது என்று கண்டறிந்து பழுது நீக்கும் பொறியாளருக்கென வைத்த தடமே அது.

இனி, ஒரு வரியின் அவயவங்களைச் சற்று நின்று பார்க்கவேண்டும். விஷயத்தின் நுட்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு சர்வர் மற்றொன்றை அணுகும்போது, ‘ஹெலோ’ என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்லிக்கொள்கிறது. பெறுகின்ற சர்வர் அப்பெயரைத் தன் வரியில் எழுதிக்கொள்கிறது. ஆனால் அதனோடு நில்லாமல், பேசுகிறவன் எந்த ஐ.பி. எண்ணிலிருந்து பேசுகிறான் என்பதைத் தானே கண்டு, அதனையும் அருகில் அடைப்புக்குள் எழுதிக்கொள்கிறது. அவ்வெண்ணுக்கு உரியதாகப் பெயர்ப்பதிவேட்டில் காணப்படும் பெயரையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறது. காண்டல், கருதல், உரை என்று நம் தர்க்க நூலார் வகுத்த மூவகை அளவைகளும் ஒரே வரியில் அருகருகே அமர்ந்திருப்பதை இங்கே காணலாம். வந்தவன் சொன்ன பெயர் உரை. அவன் பொய்யனாயின் அதுவும் பொய். ஐ.பி. எண் காண்டல், ஏனெனில் பெறும் சர்வர் அனுப்பும் விடை அந்த எண்ணுக்கே சென்று சேர்ந்து, அங்கிருந்து மறுவிடை வந்த பிறகே உரையாடல் தொடங்குமாதலால், இல்லாத எண்ணைச் சொல்லிக்கொண்டு பேச்சு நடத்துவது எளிதில் இயலாது. எண்ணிலிருந்து தேடியெடுத்த பெயரோ கருதல். அவ்வெண்ணுக்கு உரியவர் தம் பதிவேட்டில் எப்பெயரையும் எழுதிக்கொள்ளலாமாகையால், அப்பெயரைத் திரும்பத் தேடும்போது அதே எண் கிடைத்தாலன்றி அதனை ஏற்றல் ஆகாது. ஒரு வங்கியின் பெயரை ‘ஹெலோ’வில் சொல்லிக்கொண்டு, அடைப்புக்குள் அவ்வங்கியோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு வீட்டு இணைப்பின் எண்ணைத் தாங்கிவரும் வரி, உரையைக் காண்டல் மறுப்பதற்குக் கண்கூடான உதாரணம்.

வரிகள் மேன்மேல் அடுக்கப்படுவதால், அஞ்சலின் பயணத்தைக் காலமுறையில் அறிய விரும்புகிறவர் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும் என்று பலரும் கற்பிப்பர். அது பயணத்தை அறியும் முறையேயன்றி மெய்ம்மையை அறியும் முறையாகாது. மெய்ம்மையை நாடுகிறவர் மேலிருந்து கீழாகவே இறங்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள வரி நம்முடைய சர்வரே எழுதியது, அதனை நம்பலாம். அது குறிக்கும் எண் நாம் அறிந்த ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு உரியதாயின், அடுத்த வரியையும் நம்பலாம். இவ்வாறு இறங்கிவருகையில், முன்பின் அறியாத ஒரு கணினியிடமிருந்து நம்பகமான சர்வர் ஒன்று அஞ்சலைப் பெற்ற இடம் ஒன்று வரும். அவ்விடத்தில் குறிக்கப்பட்ட எண்ணே நாம் உறுதியாக அறியக்கூடிய கடைசி விவரம். அதற்குக் கீழே எத்தனை வரிகள் இருந்தாலும், அவை அந்த அறியாத கணினி கொண்டுவந்து கொடுத்தவை. அவற்றை அது மெய்யாகவே பெற்றிருக்கலாம். இருந்த இடத்திலேயே புனைந்தும் இருக்கலாம். பொய்யர்கள் விசாரணையைத் திசைதிருப்புவதற்கென்றே ஒன்றிரண்டு போலி வரிகளை முன்கூட்டியே எழுதிச் சேர்ப்பதுண்டு. ஒரு வரியில் ‘பெற்றவர்’ என்று கண்ட பெயர் அதற்கு மேல் வரியில் ‘கொடுத்தவர்’ என்று காணப்படாமல் சங்கிலி அறுந்துகிடப்பதைக் கொண்டு பல வேளைகளில் அப்புனைவு வெளிப்பட்டுவிடும்.

அடிவரியில் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் எண்ணைக் கண்டுவிட்டு, அது எந்த ஊர் என்று தேடித் திரிபவர்கள் உண்டு. அவை வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ளுக்குள் வழங்குவதற்கென ஒதுக்கப்பட்ட எண்கள். உலகெங்கும் கோடிக்கணக்கான கருவிகள் அதே எண்ணைத் தாங்கி நிற்கின்றன.

வழிக்குறிப்பைப் பொய்யாக எழுதுதலே குற்றம் என்று சட்டங்கள் ஏற்பட்ட காலத்தில் இவ்விஷயம் நீதிமன்றத்தின் வாசலையும் மிதித்தது. அமெரிக்காவில் 2003 டிசம்பரில் கையெழுத்தான கேன்-ஸ்பாம் சட்டம், தலைப்பகுதி விவரங்கள் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில் வழித்தடத்தையும் சேர்த்தே கூறுகிறது. அதற்கு முன்னரே வர்ஜீனியா மாநிலம், வேண்டாத அஞ்சல்களைத் திரளாக அனுப்புகையில் வழித்தட விவரத்தைப் பொய்யாகப் புனைவது குற்றம் என்று விதித்திருந்தது. 2003 ஜூலையில் மூன்று வெவ்வேறு நாட்களில், ஒவ்வொரு நாளும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட அஞ்சல்களை ஏ.ஓ.எல். நிறுவனத்தின் சர்வர்களுக்குப் பொய்யான வழிக்குறிப்போடு அனுப்பினார் என்று வட கரோலினாவைச் சேர்ந்த ஜெரமி ஜேன்ஸ் என்பவர்மீது இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவர் இருந்தது வேறு மாநிலம், ஆனால் ஏ.ஓ.எல். சர்வர்கள் வர்ஜீனியாவில் இருந்தமையால், அஞ்சல் சென்ற வழியே அம்மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரத்தையும் தந்தது. 2004இல் குற்றவாளியென்று தீர்ப்பாகி, ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் அதனை உறுதி செய்தது. மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டு, அதே ஆண்டு செப்டம்பரில் சட்டத்தையே செல்லாதென்று தள்ளியது.

தள்ளியதற்கு அந்நீதிமன்றம் கூறிய நியாயம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. பெயரை மறைத்துக்கொண்டு அரசியலும் சமயமும் பேசுதல் அமெரிக்க அரசியல் சாசனம் காக்கும் உரிமைகளுள் ஒன்று. மின்னஞ்சலை அனுப்பும் முறையோ அனுப்புகிறவரின் ஐ.பி. எண்ணையும் தளப்பெயரையும் கேட்பதாகையால், பொய்யான விவரத்தை இட்டாலன்றி ஒருவர் பெயர் மறைத்துப் பேச வழியில்லை. வணிக அஞ்சலென்றும் பிற அஞ்சலென்றும் பேதம் பாராமல் அதனைத் தடுக்கும் சட்டம் உரிமையின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்பது அதன் சுருக்கம். உரிமையைக் குறித்து நீதிமன்றம் கொண்ட கவலை போற்றத்தக்கதே. எனினும் தொழில்நுட்பத்தைக் குறித்து அது கொண்ட கருத்தில் ஒரு மயக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஐ.பி. எண்ணை அனுப்புகிறவர் ‘இடுவது’ இல்லை. பெறுகிறவரே அதனைக் காண்கிறார். பெயரைப் பொய்யாகச் சொல்லலாம். எண்ணை அவ்வாறு சொல்ல இயலாது, மற்றொருவருடைய கணினியின் பின்னே ஒளிந்துகொள்ளத்தான் இயலும். உரைக்கும் காண்டலுக்கும் உள்ள பேதத்தைச் சட்டத்தை எழுதினவர்களும் நோக்கவில்லை, அதனைத் தள்ளினவர்களும் நோக்கவில்லை.

எண் கிடைத்துவிட்டால் ஆள் கிடைத்துவிட்டான் என்று எண்ணுவதும் பிழை. 2008 ஜூலை 26ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர்குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர், பொறுப்பேற்று எழுதப்பட்ட மின்னஞ்சலொன்று ஊடக நிறுவனங்களுக்கு வந்து சேர்ந்தது. அதன் ஐ.பி. எண்ணைத் தொடர்ந்து சென்ற காவலர்கள் நவி மும்பையில் அமெரிக்கர் ஒருவர் குடியிருந்த வீட்டை அடைந்தார்கள். அங்கிருந்த வைஃபை இணைப்பை வேறு எவரோ பயன்படுத்திக்கொண்டு சென்றிருந்தனர். எண் பொய் சொல்லவில்லை; அஞ்சல் அந்த இணைப்பிலிருந்தே புறப்பட்டது. இணைப்புக்கு உரியவரும் அஞ்சலை எழுதியவரும் ஒருவரே என்னும் அனுமானம்தான் பிழைத்தது. இக்காலத்துச் செல்பேசி நிறுவனங்கள் ஒரே பொது எண்ணை ஏககாலத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளிப்பதனால், எண்ணும் நேரமும் மட்டும் போதா. இணைப்பின் போர்ட் எண்ணும் தெரிந்தாலன்றிச் சந்தாதாரரைப் பிரித்தறிய இயலாது. சர்வர்கள் போர்ட் எண்ணையும் குறித்துவைக்கவேண்டும் என்று 2011இலேயே ஆர்.எஃப்.சி. 6302 பரிந்துரைத்தது, ஆயினும் நாம் காணும் ‘ரிசீவ்டு’ வரிகளுள் பெரும்பாலானவற்றில் அது இருப்பதில்லை. எண்ணைக் கொடுத்தால் தேசப்படத்தில் புள்ளி வைத்துக் காட்டும் இணையதளங்களை நம்பி ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது எவ்வளவு விபரீதமானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அப்புள்ளி பல வேளைகளில் இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் ஊரையே குறிக்கும்.

இன்னுமொரு மாறுதல் உண்டு. ஒருகாலத்தில் ஹாட்மெயில் முதலிய சேவைகள், உலாவியில் அமர்ந்து எழுதியவரின் ஐ.பி. எண்ணைத் தலைப்பகுதியிலேயே எழுதி அனுப்பின. வீட்டிலிருந்து எழுதுகிறவரின் இருப்பிடக் குறிப்பை, அவர் அறியாமலே, கடிதம் பெறும் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதாயிற்று அது. ஜிமெயில் உலாவியின் வழியே எழுதும் அஞ்சலில் அவ்வெண் காணப்படுவதில்லை. வழிக்குறிப்பு கூகுளின் சர்வரிலிருந்தே தொடங்குகிறது. துன்புறுத்தலுக்கு அஞ்சி ஒதுங்கி வாழும் ஒருவருக்கு இது பெரும் பாதுகாப்பு. துன்புறுத்துகிறவனுக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் அவன் விஷயத்தில், உரிய அதிகாரி முறைப்படி கேட்டால் அந்நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து விவரம் பெறலாம். எல்லார் கையிலும் சிதறிக்கிடந்த சாட்சியம் ஓரிடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இம்மாறுதல் நல்லதென்றே நான் கருதுகிறேன்.

வழிக்குறிப்பின் பரிசோதனை இப்போது பெருமளவு இயந்திரங்களின் வேலையாகிவிட்டது. அனுப்பும் சர்வரின் எண், அஞ்சல் எத்தளத்திலிருந்து வருவதாகச் சொல்கிறதோ அத்தளத்தின் சார்பில் அனுப்ப அனுமதி பெற்றதா என்று பார்ப்பது எஸ்.பி.எஃப்.; தளம் இட்ட கையொப்பம் அஞ்சலின் உள்ளடக்கத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டி.கே.ஐ.எம்.; இவை நமக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் தளத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டி.மார்க். நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்கவேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதித்தது. முடிவுகள் தலைப்பகுதியில் தனி வரியாக எழுதப்படுகின்றன. அவ்வரியும் நம் சர்வர் எழுதியதாயிருந்தால் மட்டுமே நம்பத்தக்கது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இப்படிப் பார்க்கையில், வழிக்குறிப்பு எதற்காகத் தோன்றியதோ அந்தப் பழைய உபயோகமே இன்றும் அதன் ஐயமற்ற உபயோகமாக நிற்கிறது. விண்ணப்பம் உரிய நேரத்தில் அனுப்பப்பட்டதா, தாமதம் யாருடையது என்னும் தகராறுகளில், அடுத்தடுத்த வரிகளின் நேரங்களைக் கழித்துப் பார்த்தால் அஞ்சல் எந்தச் சர்வரில் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தது என்பது விளங்கிவிடும். அறியாத சர்வரின் அஞ்சலை முதல்முறை திருப்பி, மறுமுறை வந்தால் ஏற்கும் ‘கிரேலிஸ்டிங்’ என்னும் உபாயம் பல இடங்களில் உண்டு. திருப்பப்பட்ட சர்வர் மறுமுறை முயல்வதற்கு முப்பது நிமிடமாவது பொறுக்கவேண்டும் என்பது விதியின் பரிந்துரை. நான்கைந்து நாள் வரையில் விடாது முயலவேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. அரைமணி நேரத் தாமதத்தை ஒரு வரியில் கண்டால் அனுபவமுள்ளவர் காரணத்தை உடனே ஊகித்துவிடுவார். இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சலைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சுழலையும் இவ்வரிகளே நிறுத்துகின்றன. வரிகளின் எண்ணிக்கை, நூறு என்பதுபோன்ற ஒரு வரம்பைத் தாண்டினால் சர்வர் அஞ்சலை மறுத்துவிடும். ஒவ்வொரு சர்வரின் கடிகாரமும் சரியாக ஓடுகிறதா என்பது மட்டும் தனியே விசாரிக்கவேண்டிய விஷயம். புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதாகக் காட்டும் அஞ்சல்கள் அபூர்வமல்ல.

நேரத்தோடு ஒட்டியிருக்கும் நேரவலயக் குறியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இந்தியாவில் எழுதியதாயின் அது பொதுவாக +0530 என்றிருக்கும். இலங்கையின் குறியும் இன்று அதுவே. ஆனால் 1996 மே மாதத்தில் ஆறரை மணியாகவும், அவ்வாண்டு அக்டோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்ட அந்நாட்டுக் கடிகாரம் 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. ஆகவே 2002இல் கொழும்பு அலுவலகமொன்றில் எழுதியதாகக் காட்டப்படும் அஞ்சலில் +0530 என்றிருந்தால், கடிகாரத்தைத் திருத்தாத கணினியா, பின்னாளில் புனைந்த கடிதமா என்று விசாரிக்க இடமுண்டு.

இத்தகைய அற்பமான குறியொன்று பெரியதொரு வழக்கிலேயே பேசியிருக்கிறது. பால் செக்லியா என்பவர், ஃபேஸ்புக் நிறுவனத்தின் பெரும்பங்கு தமக்கு உரியதென்று 2010இல் நியூயார்க் மாநிலத்தில் வழக்குத் தொடுத்து, மார்க் சக்கர்பெர்க்கோடு 2003, 2004ஆம் ஆண்டுகளில் நடத்திய கடிதப் போக்குவரத்து என்று சில மின்னஞ்சல்களை ஆதாரமாகக் காட்டினார். அவை அஞ்சல்களாகவே வரவில்லை. அவற்றின் வாசகத்தை வேர்டு கோப்பில் ஒட்டிவைத்திருந்ததாக அவர் சொன்னார். ஃபேஸ்புக் தரப்பின் தடயவியல் நிபுணர்கள் அவற்றின் நேரக்குறிகளை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 2003 அக்டோபர் 26 முதல் 2004 ஏப்ரல் 4 வரையில் குளிர்காலக் கணக்குப்படி –0500 என்றிருக்கவேண்டிய குறி, அக்காலத்தவையாகக் காட்டப்பட்ட அஞ்சல்களில் கோடைக்காலத்துக்கு உரிய –0400 என்றே காணப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சக்கர்பெர்க்குக்கு இருந்த அஞ்சற்கணக்கிலும் அக்கடிதங்கள் இல்லையென்று அத்தரப்பு கூறியது. ஒப்பந்தமே பிற்காலத்துப் புனைவென்று நடுவர் லெஸ்லி ஃபோஷியோ 2013 மார்ச்சில் தம் முடிவை எழுதினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாயிற்று. அவ்வாசகங்களுக்கு மேலே ‘ரிசீவ்டு’ வரிகளும் இருக்கவேண்டியிருந்தால் புனைகிறவரின் வேலை இன்னும் கடினமாயிருக்கும். பெரும்பாலான வரிகளில், பெற்ற சர்வர் அவ்வஞ்சலுக்கு இட்ட அடையாள எண் ஒன்று உண்டு. அதே எண் அச்சர்வரின் சொந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுகிறது. அப்பதிவேடு அழியாமல் இருக்கும்வரையில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.